டிரையரின் ஈரக்காற்று எந்த வழியே வெளியேற வேண்டும்: சுவரா, கூரையா, வென்ட் (காற்றை வெளியேற்றும் குழாய்) வேண்டாத இயந்திரமா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு வாங்குபவர்கள் சமையலறையையும் குளியலறையையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சுற்றிப் பார்ப்பார்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில், உடுப்பு உலர்த்தும் டிரையருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பேஸ்மென்டைத் திருத்தி வாடகைக்கு விடும்போதும், தோய்க்கும் இயந்திரங்களை மேல்மாடிக்கு மாற்றும்போதும், பழைய டிரையர் பழுதாகிப் புதியது வாங்கும்போதும், அதிலிருந்து வரும் சூடான ஈரக்காற்றை எந்த வழியாக வெளியே அனுப்புவது என்ற கேள்வி வந்தே தீரும். பெரும்பாலானோர் முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டு, வழியைப் பற்றிய பொறுப்பை அதைக் கொண்டுவந்து இறக்குபவரிடம் விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. வழியை முதலில் தீர்மானித்துவிட்டால், எந்த வகை இயந்திரம் வேண்டும் என்பது பெரும்பாலும் அதோடு சேர்ந்தே தீர்மானமாகிவிடும்.

ஒரு தடவை போடும் உடுப்பு, உலர்ந்த நிலையில் நான்கு கிலோ அளவில் இருந்தால், தோய்க்கும் இயந்திரம் பிழிந்து முடித்த பிறகும் அதில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் எஞ்சியிருக்கும். அவ்வளவு தண்ணீரையும் டிரையர் ஆவியாக்கி, நிமிடத்துக்கு 100 முதல் 200 கன அடி வரையான காற்றோடு குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றோடு, இயந்திரத்தின் வலையில் பிடிபடாத பஞ்சுத்தூசியும் போகிறது. காய்ந்த பஞ்சுத்தூசி மிக எளிதில் தீப்பற்றக்கூடியது. குழாயில் அது படியப் படியக் காற்றோட்டம் குறைகிறது. காற்றோட்டம் குறையக் குறைய இயந்திரத்துக்குள் வெப்பம் தேங்குகிறது. வெப்பம் தேங்கும் இடத்திலேயே தூசியும் தேங்குகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவுகளைக் கொண்டு கணித்தபடி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு 2,900 டிரையர் தீவிபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் ஆண்டுக்கு 5 பேர் இறந்தனர், 100 பேர் காயமடைந்தனர், 3.5 கோடி டொலர் பெறுமதியான சொத்து அழிந்தது. முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. அது 34 சதவீதம். இத்தகைய விபத்துகள் ஜனவரி மாதத்தில் உச்சத்தைத் தொட்டதாகவும் அதே கணிப்பு காட்டியது. எரிவாயு டிரையர் என்றால் இவற்றோடு கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்துகொள்ளும். குழாய் அடைபட்டாலோ கழன்றாலோ, நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே நிறையும்.

தள்ளிவிட வேண்டிய தெரிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில், தண்ணீர் ஊற்றிய ஒரு சிறு பிளாஸ்டிக் வாளியோடு குழாயை இணைத்து அறைக்குள்ளேயே காற்றை விடும் சாதனம் மலிவாகக் கிடைக்கிறது. எரிவாயு டிரையருக்கு இதைப் பொருத்துவது உயிராபத்து. அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. மின்சார டிரையருக்கும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் தண்ணீர் அறையின் காற்றில் கலந்தால், குளிர்காலத்தில் பேஸ்மென்ட் யன்னல்களில் நீர் வழியும். சுவரின் மூலைகளில் பூஞ்சணம் படரும். வாளிக்குத் தப்பிய நுண்தூசியைக் குழந்தைகள் சுவாசிப்பார்கள். கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கிலோ, தளத்துக்கு அடியிலுள்ள தாழ்வெளியிலோ, கராஜிலோ குழாயை முடித்துவிடுவதும் இதே தவறின் வேறு வடிவமே. ஈரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரத்தை அரிக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

சுவர் வழியும் கூரை வழியும்

அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவை பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, இயந்திரத்தின் கையேடு வேறு நீளம் சொல்லாதபோது டிரையர் குழாயின் நீளத்தை 35 அடிக்குள் வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் அதிலிருந்து 5 அடியையும், ஒவ்வொரு 45 பாகை வளைவுக்கும் இரண்டரை அடியையும் கழிக்க வேண்டும். கனடாவில் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஆனால் இயந்திரத்தின் கையேட்டில் உள்ள நீள அட்டவணையும் இதே தர்க்கத்தில்தான் அமைந்திருக்கும். சில மாதிரிகளின் கையேடுகள் 35 அடிக்கும் கூடுதலான நீளத்தை அனுமதிக்கின்றன. எனவே வாங்கப்போகும் மாதிரியின் கையேட்டை இணையத்தில் முன்கூட்டியே இறக்கிப் பார்ப்பது, கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்புவதைவிட மேலானது.

வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பேஸ்மென்ட் டிரையர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய் பின்சுவரில் ஒரு தடவை வளைந்து, ஆறு அடி மேலேறி, தளத்தின் மரச்சட்டங்களுக்கு இடையே மறுபடி ஒரு தடவை வளைந்து, இரண்டு அடி கடந்து வெளியேறும். வளைவுகளுக்கு 10 அடி கழித்தால் அனுமதி 25 அடி. உண்மையான நீளமோ 8 அடி. இந்த அளவு விட்டுக்கொடுப்பு இருந்தால், சிறிது தூசி படிந்தாலும் காற்றோட்டம் குலையாது. குழாய் வெளியே முடியும் இடத்தில் உள்ள வெளிமூடி நிலத்திலிருந்து எட்டும் உயரத்தில் இருப்பதால், இயந்திரம் ஓடும்போது வெளியே போய்க் கையை நீட்டினாலே காற்றின் வேகம் தெரிந்துவிடும்; தூரிகையை நுழைத்துச் சுத்தம் செய்ய ஏணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பனிக்காலத்தில் வெளிமூடியைப் பனிக்குவியல் மறைக்காத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும், யன்னல், கதவு போன்ற திறப்புகளிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியவை. வீட்டுக்குள் காற்றை இழுக்கும் குழாய்வாய்களுக்கு அருகே வைப்பதும் கூடாது. வெளியேற்றிய ஈரத்தை வீடு திரும்ப இழுத்துக்கொள்ளும்.

கூரை வழி வேறு கதை. இரண்டு மாடி வீட்டின் பேஸ்மென்டிலிருந்து கூரை வரை குழாயை ஏற்றினால், செங்குத்து நீளம் மட்டுமே 30 அடியைத் தாண்டும். இரண்டு வளைவுகள் இருந்தால் அனுமதி 25 அடிதான். கணக்கிலேயே அது தோற்றுவிடுகிறது. தோய்க்கும் அறை மேல்மாடியில், வீட்டின் நடுவே இருந்தால் நிலைமை மாறும்: எட்டு அடி சுவர், அட்டிக்கில் ஐந்து அடி, ஓரிரு வளைவுகள் என்று நீளம் விதிக்குள் எளிதாக அடங்கும். ஆயினும் நீளத்தோடு சிக்கல் முடிவதில்லை. ஜனவரியில் ரொறன்ரோவின் அட்டிக் உறைநிலைக்குக் கீழே இருக்கும். சூடான ஈரக்காற்று அங்கே குளிர்ந்த உலோகத்தைத் தொட்டவுடன் நீராகிக் குழாயின் உட்புறத்தில் வழிந்து இறங்கும். அந்த ஈரத்தில் பஞ்சுத்தூசி ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டி, உரிக்க முடியாத பட்டையாகிவிடும். அட்டிக்கில் உள்ள குழாய்ப்பகுதி முழுவதையும் வெப்பக்காப்புப் போர்த்தினால் இது குறையும், முற்றாக நிற்காது. கூரை வெளிமூடியின் மேல் ஓர் அடி பனி விழுந்தால் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க எவரும் ஏறப்போவதில்லை. சுத்தம் செய்யக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருப்பதால் பலர் அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். எனவே கூரை வழியை, சுவர் எட்டாதபோது மட்டும், மேல்மாடி அறைக்கு மட்டும், காப்புப் போர்த்திய குழாயோடு மட்டும் நான் ஏற்பேன்.

மூன்றாவதாக, நீண்ட குழாயின் நடுவே உதவி விசிறி ஒன்றைப் பொருத்தி நீளச் சிக்கலைத் தீர்ப்பது உண்டு. ரொறன்ரோ அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், டிரையர் இருக்கும் அலுமாரியின் கூரைக்குள் இந்த விசிறியும், அதற்கு முன்னால் இரண்டாவது தூசிப்பெட்டி ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். டிரையரின் கதவருகே உள்ள வலையை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு, தலைக்கு மேலே இருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாமலே குடியிருப்பவர்கள் அநேகர். உதவி விசிறி வேண்டியே இருந்தால் அது டிரையருக்கென்றே சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; குளியலறை விசிறியை அந்த இடத்தில் மாட்டுவது, மோட்டார் மீது தூசியைச் சேர்த்துவைத்துத் தீக்கு வழிவிடுவதாகும். சுழலும் பாகம் ஒன்று கூடுதலாகச் சேரும் எந்தத் தீர்வும், அது நிற்கும் நாளில் எவருக்கும் தெரியாமல் நிற்கும் என்பதே இதில் எனக்குள்ள தயக்கம்.

எந்தக் குழாய்

வழியைத் தெரிவு செய்வதைவிடப் பெரிய வேறுபாட்டைச் சில வேளைகளில் குழாயின் வகை உண்டாக்கிவிடுகிறது. வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சுருள்குழாய் தீயில் உருகி எரியக்கூடியது. பழைய வீட்டில் அதைக் கண்டால் அன்றே கழற்றிவிடலாம். வெள்ளித்தாள் போன்ற அலுமினியப் படலத்தைக் கம்பிச்சுருளில் சுற்றிய குழாய் அடுத்த நிலை. அதையும்விடத் திடமானது, கையால் வளைக்கக்கூடிய அரைத்திட அலுமினியக் குழாய். எல்லாவற்றுக்கும் மேலானது வழுவழுப்பான உட்புறம் கொண்ட, வளையாத உலோகக் குழாய். விட்டம் நான்கு அங்குலம்.

ஸ்காபரோவில் ஓர் உறவினர் வீட்டில், உடுப்பு காய இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் டிரையரை முன்னே இழுத்து, படலக் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியதில் குழாய் ஒரிடத்தில் தட்டையாக நசுங்கியிருந்தது. மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறத்தில் தூசி, கம்பளித் துணிபோல் அடர்ந்து கிடந்தது. தாழ்ந்து தொங்கிய பகுதியில் அந்தத் தூசி ஈரத்தில் ஊறி, கையில் எடுத்தால் பிழியக்கூடிய அளவுக்குக் கனத்திருந்தது. நான்கு அங்குலக் குழாயில் காற்றுப்போக எஞ்சியிருந்த இடைவெளி இரண்டு விரல் நுழையும் அளவே. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. மாமி அதற்கு முன்பே புதிய டிரையருக்கு விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் மறைவாகப் போகும் பகுதி முழுவதும் வளையாத உலோகக் குழாயாகவே இருக்க வேண்டும். இயந்திரத்தின் பின்வாயிலிருந்து சுவர் வரையான இணைப்புக்கு மட்டும், சான்றளிக்கப்பட்ட வளையும் உலோகக் குழாயைப் பயன்படுத்தலாம்; அமெரிக்க விதி அதை ஒரே துண்டாக, எட்டு அடிக்கு மேற்படாமல், சுவருக்குள் மறையாமல் வைக்கச் சொல்கிறது. எட்டு அடி அனுமதி உண்டு என்பதற்காக எட்டு அடியையும் சுருட்டி வைக்கத் தேவையில்லை. இரண்டு அடி போதுமான இடத்தில் இரண்டு அடியே நன்று. இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே இடம் குறைவென்றால், நீட்டிச் சுருக்கக்கூடிய தட்டையான உலோகப் பெட்டி இணைப்பையோ, சுவருக்குள் பதிக்கும் உலோகப் பெட்டியையோ வாங்குவது நசுங்கும் அபாயத்தை நீக்கும்.

உலோகக் குழாயின் இரண்டு முனைகளில் ஒன்று சுருக்கு மடிப்புகளோடு சற்று ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கிய முனை எப்போதும் காற்று போகும் திசையை நோக்கி, அதாவது வெளிப்புறம் நோக்கி, அடுத்த துண்டுக்குள் செருகப்பட வேண்டும். மாறிச் செருகினால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விளிம்பு காற்றுக்கு எதிராக நிமிர்ந்து தூசியைப் பிடிக்கும். இதே காரணத்தால், மூட்டுகளில் முறுக்கும் திருகாணி குழாயின் உட்புறம் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. மூட்டைச் சுற்றி ஒட்டுவதற்குத் துணிநாடா போன்ற சாம்பல் நிற ஒட்டுநாடா உதவாது. வெப்பத்தில் அதன் பசை காய்ந்து சில ஆண்டுகளில் உரிந்துவிடும். அலுமினிய ஒட்டுநாடாவே வேண்டும். வளைவுகளிலும் தெரிவு உண்டு: சாதாரணக் குறுகிய 90 பாகை வளைவு 5 அடியாகக் கணக்கிடப்படும் இடத்தில், ஆறு அங்குல ஆரமுள்ள வழுவழுப்பான அகன்ற வளைவு 1 அடி 9 அங்குலமாகவே கணக்கிடப்படுகிறது. எல்லையைச் சற்றே தாண்டும் குழாயை, வேறெதையும் மாற்றாமல் இந்த வளைவுகளே விதிக்குள் கொண்டுவந்துவிடும்.

வெளிமூடியில் வலை போட வேண்டாம். குருவியும் மைனா இனத்துப் பறவைகளும் வெதுவெதுப்பான குழாய்க்குள் கூடு கட்டுவது இங்கே வழக்கமானதால், பலர் நல்ல எண்ணத்தோடு கம்பிவலை அடித்துவிடுகிறார்கள்; ஓரிரு மாதத்தில் அந்த வலையே தூசியால் மூடப்பட்ட அடைப்பாகிவிடும். காற்று வரும்போது முழுவதும் திறந்து, நின்றவுடன் தானாக விழுந்து மூடும் ஒற்றை உலோக மூடி, மூன்று பிளாஸ்டிக் இதழ்கள் கொண்ட மலிவான மூடியைவிட நீண்டகாலம் உழைக்கும். இதழ்கள் வெயிலில் வெடித்து, பனியில் உறைந்து, பாதி திறந்தபடியே நின்றுவிடுவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

வென்ட் வேண்டாத டிரையர்

வெப்பப்பம்பி டிரையர், காற்றை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதைப் போன்ற சுற்றோட்டத்தால் அதன் ஈரத்தை நீராக்கி வடித்துவிட்டு, அதே காற்றை மீண்டும் சூடாக்கிச் சுழற்றுகிறது. சுவரில் துளை வேண்டாம். வடியும் நீரைத் தோய்க்கும் இயந்திரத்தின் கழிவுக் குழாயோடு இணைத்துவிடலாம். சாதாரண மின்சார டிரையர் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியே இதற்குப் போதும். வெப்பம் குறைவாக இருப்பதால் உடுப்பும் விரைவில் நைந்துபோகாது. சுவிட்சர்லாந்தில் 2012 முதல் புதிதாக விற்கப்படும் டிரையர்கள் வெப்பப்பம்பி வகையாகவே இருக்க வேண்டும். அங்குள்ள நம்மவர்களுக்கு இது எப்போதோ பழகிப்போன சாதனம். வட அமெரிக்காவில்தான் இன்னும் தயங்குகிறோம்.

தயக்கத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. விலை கூடுதல். ஒரு தடவைக்கான நேரமும் கூடுதல். நிறைந்த உடுப்புக்கு இரண்டு மணித்தியாலம் ஆவது சாதாரணம். ஐந்தாறு பேர் வாழும் வீட்டில் சனிக்கிழமை ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர்களுக்கு இது பெரும் இடைஞ்சல். தூசி வெளியே போகாததால் வலைகளைத் தவறாமல் கழுவ வேண்டும். ஈரம் வடிக்கும் பகுதியில் தூசி படிந்தால் வேகம் மேலும் குறையும். சூடேற்றப்படாத கராஜுக்கு இது ஏற்றதல்ல. இவ்வளவையும் கணக்கில் எடுத்த பிறகும், குழாய் நீளம் விதிக்குள் அடங்காத வீட்டில், உதவி விசிறியையும் நீண்ட கூரைக்குழாயையும் நம்புவதைவிட இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதே சரி என்பேன். ஒருமுறை கொடுக்கும் பணம், ஒவ்வோர் ஆண்டும் சுத்தம் செய்பவருக்குக் கொடுக்கும் கூலியிலும் மின்கட்டணத்திலும் பகுதியாவது திரும்பி வரும்.

நமது வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை: நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துவட்டிய துண்டுகளையும், சமையல் எண்ணெய் ஊறிய துணிகளையும் எந்த வகை டிரையரிலும் போட வேண்டாம் என்று கையேடுகள் சொல்கின்றன. தோய்த்த பிறகும் எஞ்சும் தாவர எண்ணெய், சூடான துணிக்குவியலில் காற்றோடு சேர்ந்து தானாகவே வெப்பமடைந்து பற்றிக்கொள்ளக்கூடும்.

சுவர் வழியைத் தெரிவு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் காற்று வந்தாக வேண்டும். இறுக்கமாக அடைக்கப்பட்ட புதிய பேஸ்மென்டில், டிரையரும் பழைய வகை எரிவாயுத் தண்ணீர் சூடாக்கியும் ஒரே அறையில் இருந்தால், டிரையர் இழுக்கும் இழுப்பில் சூடாக்கியின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பக்கூடும். அலுமாரிக்குள் டிரையரை வைப்பவர்கள் காற்றிடைவெளி உள்ள கதவு போட வேண்டும் என்பதும் இதனால்தான். எரிவாயு இணைப்பில் கைவைக்கும் எந்த வேலையையும் ஒன்ராறியோவில் அதற்கென்று பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்று அழைப்பது இங்கே பொருந்தாது.

ஆகவே தனிவீட்டில் டிரையர் வெளிச்சுவருக்கு அருகே இருந்தால், வளையாத உலோகக் குழாயோடு சுவர் வழியே போவதற்கு நிகரான தெரிவு வேறில்லை. இயந்திரம் சாதாரண வகையாகவே இருக்கலாம். தோய்க்கும் அறை வீட்டின் நடுவே இருந்தால், இயந்திரங்களை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் வெப்பப்பம்பி. அடுக்குமாடியில் வெளிச்சுவர் பொதுவாகக் குடியிருப்போர் எல்லோருக்கும் பொதுவான உடைமை என்பதால், நிர்வாகத்தின் அனுமதியின்றித் துளையிட முடியாது. அங்கே இருக்கும் வழி நன்றாக இருந்தால் அதைச் சுத்தமாக வைத்திருப்பதும், இல்லாவிட்டால் வெப்பப்பம்பிக்கு மாறுவதுமே எஞ்சும் தெரிவுகள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் குழாயைத் தாங்களாக மாற்றத் தேவையில்லை. பின்புறத்தைப் படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். வீட்டைப் பழுதின்றிப் பராமரிக்கும் கடமை ஒன்ராறியோச் சட்டப்படி அவருடையது.

சுவரில் துளையிடும் வேலையை மழையும் உறைபனியும் தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. வெளிமூடியைச் சுற்றி அடைக்கும் பசை குளிரில் சரியாகப் பிடிக்காது. துளையிடுமுன் அந்த இடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ இல்லை என்பதை உள்ளேயிருந்து உறுதிசெய்ய வேண்டும். குழாய் வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருந்தால், உள்ளே ஊறும் நீர் இயந்திரத்துக்குத் திரும்பாது. எல்லாம் பொருத்திய பிறகு, வழக்கமாகப் போடும் அளவு துவாய்களைப் போட்டு, அவை காய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் அதே துவாய்கள் காயக் கால்மணி நேரம் கூடுதலாக எடுத்தால், பழுதுபார்ப்பவரை அழைக்குமுன் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.